ஆணியும் பஞ்சும்

நாடகக் குழுவில் அவளுக்கு வைத்த பெயர் ஆணி. அடித்த இடத்தில் நிற்பாள். ஒருமுறை நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. மற்றவர்கள் நாற்காலியில் முட்டி, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, திரைக்குப் பின்னால் ஓடினார்கள். இவள் மட்டும் அந்தக் கும்மிருட்டில் வசனத்தைச் சொல்லி முடித்தாள், நான்கு அடி நடந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு வந்தபோது பார்த்தால், எந்த நாற்காலியோ அதே நாற்காலி, எந்தப் பக்கமோ அதே பக்கம். கூட்டம் கைதட்டியது. சிரிக்கவே சிரிக்காத இயக்குநர்கூட அன்றைக்குப் பல்லைக் காட்டினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பஞ்சு வரும்வரை.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே கடை, அதே உயரமான முக்காலி. வளைந்த பிரேமை நிமிர்த்துவது, கழன்ற திருகாணியைப் போடுவது, வாங்கிப்போன கண்ணாடியை மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து "இதப் போட்டா படிக்கட்டு ஆடுதும்மா" என்று சண்டைக்கு நிற்பவர்களைச் சமாளிப்பது. அப்படி ஒருவரைச் சமாளிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த இயக்குநர் அவளிடம், "நாடகத்துல நடிப்பீங்களா?" என்று கேட்டார். வீட்டில் வந்து சொன்னபோது புருஷன் பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் கால் நீட்டியிருந்தான். "வீட்ல நடிக்கிறது பத்தலையா?" என்றான். அதைக் கேட்டுத்தான் அவள் சேர்ந்தாள் என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷம் ஆகிறது.

இயக்குநருக்கும் ஒரு பெயர் உண்டு. அளவுகோல். வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். நாடகத்தையும் அவர் அப்படித்தான் போடுவார். சாப்பாட்டு மேஜையில் கட்டம் போட்ட பெரிய தாளை விரித்து, மேடையை அளவெடுத்து வரைந்து, அதன் மேல் சோடா மூடிகளை வைப்பார். ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு மூடி. ஆணிக்கு எப்போதும் சிவப்பு. எந்த வசனத்துக்கு எந்த மூடி எங்கே நகர வேண்டும் என்று முடிவாகும்வரை அந்த வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும். முடிவானதும் எல்லாவற்றையும் ஒரு தடித்த நோட்டில் பென்சிலால் எழுதுவார். பிறகு ஒத்திகைக் கூடத்தில் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுவார். நடிகர்கள் கோட்டில் நிற்க வேண்டும். ஐந்து எண்ணித் திரும்ப வேண்டும் என்றால் ஐந்துதான். நாலரைக்குத் திரும்பினால் "என்ன அவசரம்? பஸ்ஸு போயிடுமா?" என்பார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆணி ஒரே ஒரு தடவை, அழும் வசனத்துக்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் நன்றாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தாள். "தாகமா இருந்தா வீட்லயே குடிச்சிட்டு வாம்மா" என்றார் அளவுகோல். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவருடைய நாடகம், அவருடைய கோடு. அவர் சொன்னபடி செய்தால் நன்றாகத்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் பஞ்சு வந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள். இருபத்தைந்து வயது. ஊதினால் பறப்பாள் என்று யாரோ வைத்த பெயர். இந்த வருஷத்து நாடகத்தில் இரண்டே பேர், அக்காவும் தங்கையும். அப்பா செத்துப்போன வீட்டில் சாமான்களைப் பங்கு பிரிக்கிறார்கள். அக்கா ஆணி. தங்கை பஞ்சு.

ஒத்திகை, மூடிப்போன அச்சகத்தின் மாடியில். மூன்றாம் நாள் பஞ்சு பெட்டி மேல் உட்கார வேண்டிய இடம் வந்தது. உட்காரவில்லை.

"ஏம்மா நிக்கிற?" என்றார் அளவுகோல்.

"உட்காரத் தோணல சார்."

ஆணிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. செத்தாள் இவள், இன்றைக்கு அர்ச்சனைதான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அளவுகோல் நோட்டைப் பார்த்தார். பஞ்சுவைப் பார்த்தார். பென்சிலால் காதைக் குடைந்தார்.

"வேற என்ன தோணுது?"

"அந்த அலமாரி பின்னாடி போயி நின்னுக்கிட்டுப் பேசணும்போல இருக்கு. முகம் தெரியாம."

"பேசு, பாப்போம்."

அவள் போய் நின்று பேசினாள். அளவுகோல் குனிந்து பஞ்சுவுக்குப் போட்டிருந்த கோட்டைத் தன் செருப்புக் காலாலேயே தேய்த்து அழித்தார். ஆணிக்கு அந்தச் செருப்பு தன் வயிற்றில் தேய்ப்பதுபோல இருந்தது. ஒரு வாய் தண்ணீர், கடவுளே, ஒரு வாய் தண்ணீருக்கு இந்த மனுஷன் என்ன பேச்சுப் பேசினார்!

அன்றைக்கு வீட்டில் வெங்காயம் பட்ட பாடு சொல்லி மாளாது.

"உங்க டிப்போவுல புதுசா ஒருத்தன் வந்து, எனக்கு இந்த ஸ்டாப்புல நிறுத்தத் தோணலன்னு சொன்னா என்ன செய்வாங்க?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"வேலைய விட்டுத் தூக்குவாங்க."

"எங்க ஆளுக்குப் புல்லரிக்குது!"

"அப்ப நீயும் தோணலன்னு சொல்லிப் பாரேன்."

"எனக்குத் தோணலன்னு தோணினாத்தானே சொல்றதுக்கு?"

புருஷன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாரம் ஒத்திகைக்குத் தேவையான பழைய துணி மூட்டையைக் கொடுப்பதற்காக அளவுகோல் வீட்டுக்குப் போனாள். அவர் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்தாள். மேஜையில் அதே தாள். தாளில் ஜன்னல் வரைந்த இடத்தில் சிவப்பு மூடி தனியாக நின்றது. வேறு மூடியே இல்லை.

"அந்தப் பொண்ணோட மூடி எங்கே?" என்றாள் ஆணி, சும்மா கேட்பதுபோல.

"அதையேன் கேக்குற? பச்ச மூடி ஒண்ண கையில வச்சுக்கிட்டு ராத்திரி பகலா நடந்தாரு. அப்புறம் டப்பாவுல போட்டுட்டாரு. ஏன்னு கேட்டா, அவள எங்க வைக்கிறதுன்னு தெரியலங்கிறாரு." அவள் துணி மூட்டையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "முப்பது வருஷத்துல இந்த மனுஷன் வாயில 'தெரியல'ன்னு ஒரு வார்த்தைய நான் கேட்டதில்ல. எனக்கே கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

ஆணிக்கு நன்றாக இல்லை. அவர் பஞ்சுவைத் திட்டி, தலைகீழாக நிற்க வைத்து, அழ வைத்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். தன்னை எங்கே வைப்பது என்று மட்டும் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. யோசிக்காமலே ஒரு மூலையில் நிறுத்திவைக்க, அவள் என்ன குளிர்சாதனப் பெட்டியா?

அடுத்த ஒத்திகையில் நேராகவே கேட்டுவிட்டாள். "சார், எனக்கும் கோட்ட அழிச்சிடுங்க."

அளவுகோல் நோட்டை மூடினார். "எதுக்கு? நீ சரியாத்தானே செய்யுற?"

"அதுக்குத்தான்."

அவர் வாதம் செய்யவில்லை. ஈரத் துணியை எடுத்துவரச் சொல்லி ஆணியின் கோடுகளை எல்லாம் அவரே துடைத்தார். தரை பளிச்சென்று ஆனது. "ஆரம்பிங்க" என்றார்.

கடைசிக் காட்சி. தங்கை அப்பாவின் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். கடைசியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அக்கா கூட்டத்துக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் போய் நிற்பாள், பதினொன்று எண்ணித் திரும்புவாள், "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ" என்பாள். நாடகம் முடியும். அதுதான் நோட்டில் இருந்தது. இப்போது கோடு இல்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம். பஞ்சு கண்ணாடியை எடுத்தாள். ஆணி நின்றாள். பெட்டிப் பக்கம் போகலாமா? போய் என்ன செய்வது? கதவுப் பக்கமா? கால் அதுபாட்டுக்கு நடந்தது. ஜன்னலுக்குப் போனது. வாய் உள்ளுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணியது. பதினொன்றில் திரும்பினாள்.

"ஐயோ அக்கா!" என்று பஞ்சு கைதட்டினாள். "கோடே இல்லாம அதே இடம்! ஒரு அங்குலம் பிசகல! எப்படிக்கா?"

அந்தப் பெண் மனசார வியந்துதான் சொன்னாள். ஆணிக்கு அது செருப்படியாக விழுந்தது. அளவுகோல் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து அழித்த கோடுகளைத் திரும்பப் போட ஆரம்பித்தார். ஏதாவது சொல்லியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

அந்த மூக்குக்கண்ணாடி ஆணி கடையிலிருந்து கொண்டுவந்தது. யாரோ விட்டுப்போன கறுப்பு பிரேம். பஞ்சு அதை ஒற்றைக் கம்பியில் பிடித்து ஆட்டிக்கொண்டே பேசுவாள். கடையில் யாராவது அப்படிச் செய்தால் ஆணி கையிலிருந்து வாங்கிவிடுவாள். ஒரு பக்கக் கம்பியைப் பிடித்தால் பிரேம் கோணிப்போகும் என்பது அவள் தினமும் அறுபது பேருக்குப் பாடும் பாட்டு. பஞ்சுவிடமும் பாடினாள்.

"ரெண்டு கையாலயும் பிடிடி."

"அந்த நேரத்துல ஞாபகம் வரமாட்டேங்குதுக்கா."

"வேற என்னதான் வருது உனக்கு?"

"தெரியலயே, எது வருதோ அது."

முதல் காட்சி சனிக்கிழமை மாலை. இருநூறு நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. எல்லாம் நோட்டில் உள்ளபடி, அதாவது ஆணியைப் பொறுத்தவரை நோட்டில் உள்ளபடி, போனது. கடைசிக் காட்சியில் அவள் ஜன்னலுக்குப் போனாள். எண்ண ஆரம்பித்தாள். ஆறு எண்ணும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒத்திகையில் இல்லாத சத்தம். பஞ்சு நடந்து வருகிறாள். வந்து, இவள் தோளுக்கு மேலே கையை நீட்டி, மூக்குக்கு நேராக அந்தக் கண்ணாடியை ஆட்டினாள். ஒற்றைக் கம்பியில்.

பதினொன்று எண்ணும் அந்த ஓர் இடம்தான் இந்த நாடகத்தில் ஆணிக்கென்று இருந்தது. கூட்டம் முழுக்க அவள் முதுகை மட்டும் பார்க்கும் இடம். அதற்குள்ளும் வந்துவிட்டாள். மேடை முழுக்க மேய்ந்தது போதாதென்று இதற்குள்ளும்!

வெடுக்கென்று திரும்பிப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகு எண்ணிக்கை மறந்துபோனது. கையில் கண்ணாடி இருந்தது. கோணியிருந்தது. கைக்கு வேறென்ன தெரியும்? கட்டைவிரலை உள்பக்கம் கொடுத்துக் கம்பியை நிமிர்த்தினாள். ஒரு லென்ஸில் ஹா என்று ஊதினாள், முந்தானை நுனியால் வட்டமாகத் துடைத்தாள், மற்றதிலும் ஊதித் துடைத்தாள். கையை நீட்டி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அழுக்கு இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். யாருக்குக் கொடுக்க இதைத் துடைக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. போட்டுக்கொள்ள ஆள் இல்லை.

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ" என்றாள். குரல் நோட்டில் எழுதிய மாதிரி வரவில்லை. கண்ணாடியைக் கொடுக்கவும் இல்லை.

திரை விழுந்த பிறகு அளவுகோல் ஓடி வந்தார். அறுபது வயது மனுஷன் ஓடி அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஆணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பதினெட்டு வருஷம் காத்திருந்த பேச்சு வரப்போகிறது.

"பஞ்சு!" என்றார் அவர். "என்ன பொண்ணும்மா நீ! நீ போயி நீட்டினியே, அதுலதான் சீனே எந்திரிச்சு நின்னுச்சு!"

பிறகு ஆணியின் பக்கம் திரும்பினார். "நீயும் நல்லா பிடிச்சுக்கிட்ட. இத அப்படியே வச்சுக்கலாம்." நோட்டைப் பிரித்தார். பென்சில் ஓடியது. "பிடுங்குறது, ரெண்டு எண்ணி. ஊதுறது, வலது லென்ஸ் முதல்ல. துடைக்கிறப்ப இடது கை, அப்பத்தான் கூட்டத்துக்குத் தெரியும்."

"இடது கையா?"

"ஆமா. வலது கை மறைக்குது."

இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி துடைக்கிறவளுக்கு எந்தக் கையால் துடைப்பது என்று பாடம். ஆணிக்குக் காதில் புகை வந்தது. "சார், அது என்னோடது."

"எது?"

"அந்தத் துடைச்சது. நீங்களும் சொல்லல, அவளும் சொல்லல. அத நோட்டுல எழுதாதீங்க."

"எழுதாட்டா நாளைக்கு எப்படி வரும்?"

"வந்தா வரும். வராட்டா வராது."

"நீயாம்மா இதப் பேசுற?" என்றார் அளவுகோல். நிஜமாகவே குழம்பிப்போனார். எழுதியதை அழிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, மதியக் காட்சி. ஒப்பனை அறையில் பஞ்சு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க பிடுங்கும்போது நான் உடனே விடாம லேசா இழுத்துப் பிடிக்கிறேன். அக்கா தங்கச்சி சண்ட மாதிரி. நல்லா இருக்கும்ல?"

"நல்லா இருக்கும்" என்றாள் ஆணி, புருவத்தை வரைந்துகொண்டே. இவளுக்கு இன்னும் ஒரு கைத்தட்டல் வாங்கித் தர வேண்டுமாம்! பிடுங்கப் போவதே இல்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. ஜன்னல். எண்ணிக்கை. ஆறில் காலடி. தோளுக்கு மேலே கை நீண்டது. ஆணி அசையவில்லை. ஏழு, எட்டு. திரை ஓரத்தில் அளவுகோல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பிடுங்கு, பிடுங்கு என்று. அவள் ஜன்னலையே பார்த்தாள். பஞ்சு கண்ணாடியை இன்னொரு தடவை ஆட்டினாள். ஒன்பது, பத்து. எது வருதோ அது என்றாளே, இப்போது என்ன வருகிறது பார்க்கலாம். தொங்கட்டும், இருநூறு பேர் முன்னால் அந்தரத்தில் தொங்கட்டும். இவ்வளவு சந்தோஷம் ஆணிக்கு ரொம்ப நாளாக வந்ததில்லை.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு நான்கைந்து பேர். ஆணி திரும்பினாள்.

பஞ்சு அந்தக் கண்ணாடியைத் தன் முகத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பெரிய கண்ணாடி, சின்ன முகம். ஒரு கம்பி காதில் ஏறாமல் புருவத்துக்கு மேலே கோணிக்கொண்டு நின்றது. அதற்குள்ளிருந்து, அழப்போகும் குழந்தைபோல, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடிப்பா, பயமா என்று சொல்ல முடியவில்லை. சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். பாவி, இதிலும் தப்பித்துவிட்டாள்!

ஆனால் அந்தக் கோணல். ஆணியால் எதை வேண்டுமானாலும் சகிக்க முடியும், முகத்தில் கோணலாக உட்கார்ந்த பிரேமைச் சகிக்க முடியாது. நடந்து போனாள். கடையில் செய்வதுபோல ஒரு விரலால் பஞ்சுவின் தாடையைத் தூக்கினாள். இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்து, ஏறாத கம்பியைக் காதுக்குப் பின்னால் நழுவவிட்டு, மூக்கின் மேல் சரியாக உட்கார வைத்தாள்.

"நேரா பாரு" என்றாள். அப்படி ஒரு வசனம் நாடகத்தில் இல்லை.

பஞ்சு நேராகப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. "தெரியலக்கா" என்றாள். அதுவும் நாடகத்தில் இல்லை.

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ" என்றாள் ஆணி.

கைத்தட்டல் நேற்றைவிடப் பெரிதாக இருந்தது. குனிந்து வணக்கம் சொல்லும்போது ஆணி மனசுக்குள் அதைப் பிரித்துப் பார்த்தாள். இவ்வளவு எனக்கு, இவ்வளவு அவளுக்கு. எப்படிப் பிரித்தாலும் சரிபாதிக்குக் குறைந்து பஞ்சுவின் பங்கு வரவில்லை. அதுதான் முள்ளாக உறுத்தியது. அந்தப் பெண் கோணலாகப் போட்டிருக்காவிட்டால் இவள் எதை நிமிர்த்தியிருப்பாள்?

இந்தத் தடவை அளவுகோல் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நோட்டு மடியில் திறந்துதான் இருந்தது. பென்சில் ஓடவில்லை.

"நான் சொன்னத ஏம்மா செய்யல?"

"நேத்து செஞ்சது நேத்தோட போச்சு சார்."

"அப்ப அடுத்த சனிக்கிழமை என்ன செய்யப்போற?"

இந்த மனுஷன் ஆணியிடம் கேள்வி கேட்கிறார். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னால்கூட நம்ப மாட்டான்.

"எனக்கு இனிமே இந்தப் பக்கத்துல எழுதத் தெரியல" என்றார் அவர். நோட்டையும் பென்சிலையும் அவள் கையில் வைத்தார். "கடைசி சீன் உன்னோடது. என்ன வேணுமோ நீயே எழுதிக்கோ." எழுந்து விளக்குக்காரரிடம் போய்விட்டார்.

ஆணி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். "இடது கை" என்று எழுதியிருந்ததை முதலில் அடித்தாள், இரண்டு தடவை. தனக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அங்கே வெள்ளையாகவே விட்டாள். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு, பக்கத்தின் அடியில், அடுத்த தாளிலும் பதியும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்: "தங்கை கண்ணாடியை இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். மூன்று எண்ணிப் போட வேண்டும். தலை இடது பக்கம் சாய வேண்டும். அழக் கூடாது."

பஞ்சு ஈர முகத்தோடு தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் படித்தாள். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, சாரே தேவல!"

"எழுதினபடி செய். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரிக்கா" என்றாள் பஞ்சு, ரொம்ப அடக்கமாக.

சனிக்கிழமை அவள் ஒற்றைக் கையால்தான் எடுத்தாள். மூன்று எண்ணவில்லை. தலையை வலது பக்கம் சாய்த்தாள். ஆணி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து போய், தாடையைப் பிடித்து அதையும் நிமிர்த்தினாள், கொஞ்சம் அழுத்தமாகவே. பஞ்சு "வலிக்குதுக்கா" என்று முனகினாள். முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். போன வாரத்தைவிட நன்றாக வந்துவிட்டது, சனியன்.